அழிக்க முடிகிற பிரதிக்கு எதற்குக் காசு?

மார்ச் மாதம் பிறந்தால் வன்னியில் வியாபாரம் செய்பவர்களை இரண்டு கணக்குகள் ஒன்றாக வந்து நெருக்கும். ஒன்று, காலபோக அறுவடையோடு திரும்பி வரவேண்டிய கடன். மற்றது, 31ஆம் திகதியோடு முடிகிற வரி ஆண்டு. அடுத்த ஆண்டுக்கான செலவுத் திட்டத்தையும் இந்த நெரிசலுக்குள்தான் பலர் எழுதுகிறார்கள். கிளிநொச்சியிலும் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் சில கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் அந்தத் தாள்கள் என் கைக்கு வரும். ஜெனரேட்டருக்கு ஒரு தொகை இருக்கும். சிசிரிவி கமராவுக்கு இருக்கும். ஏ9 வீதியைப் பார்த்து நிற்கப்போகிற புதிய பெயர்ப்பலகைக்கும் தாராளமாக இருக்கும். கணினி என்ற வரியில் மட்டும் "திருத்தம்" என்று ஏதோ ஒரு சில்லறை. கணக்கின் காப்புப் பிரதிக்கு எங்கே என்று கேட்டால், "அது பின்னால் செருகியிருக்கிறதுதானே தம்பி" என்பார் முதலாளி.

பின்னால் செருகியிருப்பது ஒரு வெளி வன்தட்டு. கணினி வாங்கிய நாளில் செருகியது, பிறகு யாரும் கழற்றவில்லை. இதைப் பற்றித்தான் எனக்குக் கோபம். எப்போதும் செருகியபடியே கிடக்கிற, கணினியைத் திறக்கும் அதே கடவுச்சொல்லால் அழிக்கவும் முடிகிற ஒன்றுக்குக் காப்புப் பிரதி என்று பெயர் வைத்துக் காசு செலவழிப்பது வீண். பணம் ஒதுக்குவதென்றால், குறிப்பிட்ட காலத்துக்கு முதலாளியாலும்கூட அழிக்கவோ மாற்றவோ முடியாத பிரதிக்கு ஒதுக்குங்கள்.

நான் அறிந்த ஓர் அரிசி ஆலையில் ஒரு காலை கணினியைத் திறந்தபோது நெல் கொள்முதல் கோப்புகள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத நான்கைந்து எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உமித்தூசு படிந்த வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் அதே எழுத்துகள். கணினிக்கு அது இன்னொரு கோப்புறைதானே, விட்டு வைக்குமா? அலுவலகப் பிள்ளைகள் இருவர் தராசுச் சிட்டைகளை மேசையில் குவித்து வைத்து, எந்த விவசாயிக்கு எவ்வளவு கொடுக்க மீதி என்று முதலிலிருந்து எழுதினார்கள். பாதிச் சிட்டைகளில் மை மங்கிப் போயிருந்தது. வெப்பத்தால் அச்சடிக்கிற அந்தத் தாள் எங்கள் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்?

ஆலைக்காவது, கொடுக்க வேண்டிய பணத்தைக் கேட்டு ஆட்கள் தாங்களாகவே வருவார்கள். உரக்கடையை நினைத்துப் பாருங்கள். விதைப்பு நேரத்தில் யூரியாவும் களைகொல்லியும் கடனுக்குப் போகும், அறுவடையில்தான் காசு வரும். ஒரு கடையின் கணக்கில் 80 இலட்சம் ரூபாய் வெளியே நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணக்கு காணாமல் போய், பத்தில் ஒரு பங்கு கடன் மட்டும் மறக்கப்பட்டால் 8 இலட்சம். யாரும் ஏமாற்றத் தேவையில்லை, உண்மையாகவே மறந்திருப்பார்கள். எவ்வளவு ஒதுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம் கணினியின் விலையைப் பற்றி நான் பேசுவதில்லை. வெளியே எவ்வளவு நிற்கிறது, எத்தனை நாள் கணக்கைக் கையால் திரும்ப எழுத முடியும் என்ற இரண்டையும்தான் கேட்கிறேன்.

"எங்கள் சின்னக் கடையை எவன் தேடி வந்து தாக்கப்போகிறான்?" என்பார்கள். யாரும் தேடி வருவதில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற தீநிரலுக்குப் பணயத் தீநிரல் என்று பெயர். 2017 மே மாதத்தில் வனாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது ஆள் பார்த்தா பரவியது? ஏறத்தாழ 150 நாடுகளில் இலட்சக்கணக்கான கணினிகளைப் பூட்டியது. எங்கள் பக்கத்து வாசல் இன்னும் எளிது. காசு கொடுக்காமல் பூட்டுடைத்துப் போட்ட விண்டோஸ், பூட்டுடைத்த கணக்கு மென்பொருள். ஸ்டொப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்படும் பணயத் தீநிரல் குடும்பம் பரவுவதே பெரும்பாலும் இப்படிப்பட்ட திருட்டு மென்பொருள்களுக்குள் ஒளிந்துதான். உள்ளே வந்தவர்களும் பிரதியைத்தான் முதலில் தேடுகிறார்கள். சோபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் 2024 ஆய்வில், பணயத் தாக்குதலுக்கு உள்ளான நிறுவனங்களில் 94 வீதமானவை, தாக்கியவர்கள் தங்கள் காப்புப் பிரதிகளையும் கெடுக்க முயன்றதாகச் சொல்லியிருக்கின்றன.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதி தாக்கப்பட்டபோது, அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் போயின. பாதிக்கப்பட்டவற்றில் அமைச்சரவை அலுவலகமும் ஒன்று. அண்மைய மாதங்களுக்குப் பயன்படக்கூடிய பிரதி இருக்கவில்லை. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியபோது, அதன் வலையமைப்பின் பயனர் விவரங்களை வைத்திருக்கும் சேவையகங்கள் உலகம் முழுவதும் ஒன்றையொன்று பார்த்துப் படியெடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதனால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. மிஞ்சியது கானாவில் இருந்த ஒன்று. அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லை! நட்டம் 30 கோடி டொலர் வரை போனதாக நிறுவனமே மதிப்பிட்டது. மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே கம்பனி அதுவாகத்தான் இருக்கும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த எங்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் இனிக்கும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது: தொடர்பில் இல்லாதது மட்டும்தான் பிழைத்தது.

இந்த ஏற்பாடு எங்களுக்குப் புதிதும் அல்ல. காணி உறுதி எழுதும்போது மூலம் உங்கள் கையில், ஒன்று நொத்தாரிசின் கோவையில், இன்னொன்று காணிப் பதிவகத்தில். பதிவகத்தில் கிடப்பதை நீங்கள் போய்ப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். கோபத்தில் கிழிக்க முடியாது. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்துவிட்டு வந்த பலருக்கு அந்த மூன்றாவது பிரதிதான் காணியைக் காட்டிக் கொடுத்தது. கணினிக்காரர்கள் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று சொல்வதும், இப்போது அதோடு மாற்ற முடியாத ஒன்று என்று சேர்ப்பதும் இதே ஏற்பாடுதான். வேறு இடம் என்றால் பக்கத்து அறை அல்ல. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியில் தண்ணீர் எந்த அறையைக் கேட்டு நுழைந்தது?

இனிக் காசு. அமேசானின் எஸ்3 என்ற இணையச் சேமிப்பில் 2018 நவம்பரில் "ஒப்ஜெக்ட் லொக்" என்ற பூட்டு வந்தது, இப்போது வேறு பல நிறுவனங்களும் தருகின்றன. அதில் இரண்டு வகை உண்டு. கவர்னன்ஸ் என்பதில் சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கலாம். கொம்ப்ளையன்ஸ் என்பதில், சொன்ன நாள் வரும்வரை கணக்கின் உரிமையாளராலும் அழிக்க முடியாது. மலிவான சேமிப்பு நிறுவனங்கள் ஒரு டெராபைட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 1,000 ஜிகாபைட்டுக்கு, மாதம் 6, 7 டொலர் வாங்குகின்றன. டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,000 ரூபாய்ச் சொச்சம், ஆண்டுக்கு 25,000. கடையின் கணக்குக் கோப்பு 2 ஜிகாபைட், தினமும் முழுப் பிரதி, ஒவ்வொன்றும் 60 நாள் பூட்டு என்றாலும் 120 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். பெயர்ப்பலகையின் விளக்குச் செலவுக்கு இது வராது.

பொறி வேறிடத்தில் இருக்கிறது. பூட்டிய பிரதியை இடையில் அழிக்க முடியாது, ஆகவே தவறாக ஏற்றியதற்கும் நாள் முடியும்வரை வாடகை கட்டவேண்டும். கமராப் பதிவுகளையும் கல்யாண வீட்டுப் படங்களையும் கணக்கோடு சேர்த்து ஓராண்டுக்குப் பூட்டிவிட்டால், 25,000 எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. எதைப் பூட்டுவது என்று பிரிக்கிற வேலைதான் இதில் முக்கால்வாசி. விலை டொலரில் என்பதையும் மறக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இந்த வரியில் ஒரு பகுதியை உதிரியாக வைக்காதவர், வங்கி அட்டை மறுக்கப்பட்ட மாதத்தில் சேமிப்பு நிறுத்தப்பட்ட பிறகுதான் விழிப்பார்.

இணையம் சரியில்லாத இடத்தில் இருப்பவர்கள் இரண்டு வெளி வன்தட்டுகளை வாங்கி மாற்றி மாற்றிச் செருகி, ஒன்றை எப்போதும் கழற்றி வீட்டில் வையுங்கள். மாத முடிவுக் கணக்கை ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடியில் பதியுங்கள். 4.7 ஜிகாபைட் போதும். எழுதியதை எந்த நிரலாலும் மாற்ற முடியாது. பழைய சாமான்தான், வெயிலிலும் தூசியிலும் போட்டால் கெட்டுவிடும், ஆனாலும் உண்மையான பூட்டு அது.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடன் கொடுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சபையில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எங்கள் ஊரில் காசாளர் என்பவர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மருமகன். ஒரு நிலுவையைப் பின்னோக்கிப் போய்க் குறைத்துவிட்டார் என்று சந்தேகம் வந்தால் குடும்பமே பேச்சு வார்த்தையை நிறுத்திவிடும். கார்த்திகை முடிவில் பூட்டிய பிரதி ஒன்று இருந்தால், அன்று அந்த நிலுவை எவ்வளவு என்று திறந்து பார்த்துவிட்டுப் போகலாம். கள்வனைப் பிடிப்பதைவிட, கள்வன் அல்லாதவனைக் காப்பாற்ற அது அதிகம் உதவும். இதற்காக எதையும் நிரந்தரமாகப் பூட்டிவிடவும் வேண்டாம். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம் வைத்திருப்பவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வரி, யாருமே எழுதாதது: மீட்டுப் பார்க்கும் கூலி. ஆண்டுக்கு இரண்டு முறை பிரதியை வேறொரு கணினியில் இறக்கி, நேற்றைய நிலுவை வருகிறதா என்று பார்ப்பவருக்கு ஒரு நாள் சம்பளம்.

இந்த மாதம் உங்கள் கடைக்கு விலைப்பட்டியலோடு வரும் கணினிக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "நிர்வாகியின் கடவுச்சொல் என் கையில் இருந்தால் இந்தப் பிரதியை இன்றே அழிக்க முடியுமா?" முடியும் என்றால் பட்டியலை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். முடியாது என்றால், எத்தனை நாளுக்கு முடியாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு விலையைப் பேசுங்கள்.