புது கண்டென்சர் வாங்கி மாட்டுகிறவனின் வயிற்றெரிச்சல்

காரின் இக்னிஷனில், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின் ஏற்பாட்டில், புது கண்டென்சரை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, கழற்றிய பழைய கண்டென்சரைத் துணியில் சுற்றிப் பத்திரமாக டிக்கியில் வைத்துக்கொண்டு போகிற நிலைமைக்கு வந்துவிட்டோம். பழைய கார் வைத்திருப்பவனுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த சாமான் இன்னும் உழைக்கிறது. போன மாதம் பெட்டியைப் பிரித்து எடுத்தது, எஞ்சின் சூடேறியதும் செத்துப் போகிறது.

வண்டி எம்.ஜி.பி., பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962-லிருந்து 1980 வரைக்கும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய கார். அபூர்வ வண்டியெல்லாம் கிடையாது. சாமான் கிடைக்காத வண்டி என்றால், சரி நம் தலையெழுத்து என்று கிடப்பில் போட்டுவிடலாம். இதற்குக் கிடைக்காதது என்று ஒன்றுமே இல்லை, முழு பாடி ஷெல்லே புதிதாகக் கிடைக்கிறது. எரிச்சலே அங்கேதான். எல்லாம் கிடைக்கிறது, எதையும் நம்ப முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த இக்னிஷன் ஏற்பாட்டில் மர்மம் என்று ஒன்றும் இல்லை. சார்லஸ் கெட்டரிங் யோசித்து, 1910-களிலேயே காடிலாக் கார்களில் வந்துவிட்ட சமாச்சாரம். டிஸ்ட்ரிபியூட்டர் என்ற டப்பாவுக்குள் திறந்து மூடும் ஸ்விட்சுக்குப் பாயிண்ட் என்று பெயர். அது மூடியிருக்கும்போது காயிலின் முதல் கம்பிச் சுற்றான பிரைமரியில் 4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் கரண்ட் ஓடி காந்தப் புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிகிறது. இரண்டாவது சுற்றான செகண்டரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் அதை வாங்கி 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான். ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தால் நடுரோட்டில் உட்கார்ந்து சரி பண்ணிவிடலாம் என்பதுதான் இதன் பெருமையாகவே இருந்தது. இருந்தது.

இதில் கண்டென்சர் என்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு தகர டப்பா. பாயிண்ட் திறக்கும்போது கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும், அந்தக் குதிப்பை இது தனக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டால்தான் புலம் வெடுக்கென்று சரியும், பிளக்கில் நீல நிறத்தில் கொழுத்த ஸ்பார்க் வரும். வாங்காவிட்டால் பாயிண்டில் பொறி பறக்கும், பிளக்கில் மஞ்சளாக ஒரு நோஞ்சான் ஸ்பார்க் வரும். நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்-இல் ஓடினால் நொடிக்கு 100 தடவை இது நடக்க வேண்டும். இந்த வண்டியில் இருக்கும் லூகாஸ் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு அளவு 0.18-லிருந்து 0.24 மைக்ரோஃபாரட். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஏதாவது இருக்கிறதா? கண்டென்சர் என்பது கெபாசிட்டர்தான், அதைச் செய்யத் தெரியாத உலகமா இது? ஆளுக்கொரு ஃபோன் பையில் இருக்கிறது, அதற்குள் எத்தனை நூறு கெபாசிட்டர். எங்களுக்கு ஒன்றே ஒன்று ஒழுங்காகச் செய்து தர ஆள் இல்லை.

சாவதுகூட நேர்மையாகச் சாவதில்லை, அதுதான் ஆத்திரம். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐடில் கடிகாரம் மாதிரி இருக்கும். கிளம்பி, சூடேறி, போக்குவரத்து நெரிசலில் நின்று, பானெட்டுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் ஆனதும் இருமல் ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு பேக்ஃபயர். அப்புறம் மௌனம். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன். ஓரம் தள்ளி பானெட்டைத் திறந்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஆறிப்போய் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும். வீட்டுக்கு வந்து கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 0.22 காட்டும். பொய் சாட்சி! அந்த மீட்டர் வைப்பது பேட்டரியிலிருந்து வரும் நாலைந்து வோல்ட். ஓடுகிற எஞ்சினில் பாயிண்ட் திறக்கும்போது பிரைமரியிலேயே 200, 300 வோல்ட் உதைக்கும். அந்த உதையில், அந்தச் சூட்டில் உள்ளே கசிகிறதா என்பதை இந்த மீட்டர் எப்படிச் சொல்லும்? மேஜையில் வைத்தால் எல்லாக் கண்டென்சரும் உத்தமன்.

சரி, கண்டென்சர் மட்டுமா என்றால் ரோட்டார் ஆர்ம் அடுத்த கூத்து. மேலே பித்தளைத் தகடு, கீழே ஷாஃப்ட்டைக் கவ்வும் இரும்புக் கிளிப், நடுவில் இன்சுலேஷன். இன்றைக்கு வருகிற பல ரோட்டார்களில் தகட்டைப் பிடிக்க ஒரு ரிவெட் அடித்திருக்கிறார்கள். அதன் கால் அந்தக் கிளிப்பை நோக்கி இறங்கி நிற்கிறது. நடுவில் மிஞ்சுவது மெல்லிய ஒரு படலம், அதுவும் மட்டமான கலவை. சில நாள் ஓடியதும் ஹை டென்ஷன் கரண்ட் பிளக்கு வரைக்கும் நடப்பானேன் என்று அந்த ரிவெட் வழியாகவே ஷாஃப்ட்டுக்குள் இறங்கிவிடும். எஞ்சின் பொசுக்கென்று நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் தெரியாது. காயில் வயரின் நுனியை ரோட்டாரின் நடுத்தகட்டுக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு பாயிண்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்பார்க் தகட்டுக்குத் தாவினால் ரோட்டார் போச்சு என்று அர்த்தம். தாவாமல் இருந்தால்தான் நல்லது. (பிடிக்கும் கையில் கனமான ரப்பர் கையுறை. ஒரு தடவை வாங்கியவன் மறுபடி சொல்லாமலே போட்டுக்கொள்வான்.) ரிவெட் இல்லாமல் செய்த சிவப்பு ரோட்டார் ஒன்று வருகிறது, அது ஒன்றுதான் இந்தக் கும்பலில் எனக்கு மரியாதை உள்ள சாமான். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார். யோசித்தால் முடிகிறது, பாருங்கள்.

பாயிண்ட்? சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் அந்தக் குதிகால் இருக்கிறதே, அதைச் செய்கிற பிளாஸ்டிக் சோப்புக் கட்டி மாதிரி தேய்கிறது. மேனுவலில் போட்டிருக்கிறபடி 0.014-லிருந்து 0.016 அங்குலம், அதாவது 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் வைத்து முறுக்குவீர்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கியிருக்கும். இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், பின்னுக்குப் போகும், வண்டிக்கு இழுவை இருக்காது, எஞ்சின் சூடாகும். சூடு ஏறினால் என்ன ஆகும்? அந்தக் கண்டென்சர் நினைவிருக்கிறதல்லவா.

கேம் மேல் ஒரு துளி கிரீஸ் தடவச் சொல்வார்கள். தடவுகிறோம். ரோட்டாரைக் கழற்றி ஷாஃப்ட் நடுவில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்வார்கள். விடுகிறோம். வேலைக்குச் சுணங்குகிறவன் இல்லை நான். பராமரிப்பு என்பது தேய்கிற பொருளைத் தேய விடாமல் பார்த்துக்கொள்வது. பெட்டியிலிருந்து வரும்போதே செத்த பொருளை என்னத்தைப் பராமரிப்பது?

இந்த வண்டியின் 25D4 மாடல் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் மாற்றியவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்ன போஸ்டில் பிளாஸ்டிக் புஷ், ஸ்பிரிங் நுனி, கண்டென்சர் வயர், காயில் வயர் எல்லாம் ஒரு வரிசையில் உட்கார வேண்டும். ஸ்பிரிங்கும் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட வேண்டும், போஸ்டைத் தொடக் கூடாது. தொட்டால் கரண்ட் நேராக வண்டியின் உடம்புக்கு, அதாவது எர்த்துக்கு, போய்விடும், ஸ்பார்க்கே வராது. புதுப் பெட்டியில் அந்த புஷ்ஷின் ஓட்டை சரியாக இருக்காது, வாஷர் ஒன்று குறையும். பாயிண்டைப் பிடிக்கிற பொடி ஸ்குரூ வேறு. கை நழுவினால் பேஸ் பிளேட்டில் உள்ள ஓட்டை வழியாக நேராக உள்ளே, வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முந்தவைக்கும் வெயிட்டுகளின் மேல் போய் விழும், வெளியே விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. பழைய ஸ்குரூவைக் காந்தம் கவ்வி எடுக்கும். புதிதாக வருகிற சிலவற்றைக் காந்தம் கண்டுகொள்வதே இல்லை. துருப்பிடிக்காதாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே துரு யாருக்குக் கவலை?

பேஸ் பிளேட்டுக்கு ஒரு எர்த் வயர் உண்டு. எஞ்சினின் வாக்யூமைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வாக்யூம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் பிளேட் நகரும், கூடவே அதுவும் வளைந்து நிமிர வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்தில் துணி சுற்றிய, நூலாக வளைகிற வயர் போட்டார்கள். இப்போது சாதாரண விறைத்த பிளாஸ்டிக் வயரைப் போட்டு அனுப்புகிறார்கள். உள்ளே கம்பி அறுந்திருக்கும், மேலுறை முழுசாக இருக்கும். ஆக்ஸிலேட்டரைத் தொடும்போது மட்டும் வெட்டும், விட்டால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆயுசு போய்விடும்.

நான் குமுறுவது காசுக்காக இல்லை. பழைய வண்டியில் கோளாறு வரும், அது தெரிந்துதான் வாங்கினோம். ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருந்தது. சந்தேகப்படும் பாகத்தைக் கழற்று, நல்ல பாகத்தை மாட்டு, குறை போனால் அதுதான் காரணம், போகாவிட்டால் அடுத்ததைப் பார். அந்த முறை மொத்தமும் நிற்பது மாற்றாக மாட்டுகிற பாகம் நல்ல பாகம் என்ற ஒரே நம்பிக்கையில்தான். அதைத்தான் இவர்கள் உடைத்துவிட்டார்கள். கெட்ட கண்டென்சரை எடுத்துவிட்டு வேறு விதமாகக் கெட்ட கண்டென்சரை மாட்டினால் குறை அப்படியே இருக்கும். சரி, கண்டென்சர் இல்லை என்று முடிவு கட்டி காயிலுக்குப் போவீர்கள். காயிலை அளந்தால் 3.1, 3.2 ஓம் என்று சரியாகக் காட்டும். அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப், கேப்பிலிருந்து வயர், வயரிலிருந்து வயரிங் லூம். குற்றவாளியை முதல் கதவிலேயே நிரபராதி என்று விட்டுவிட்டு ஊர் முழுக்கத் தேடுவீர்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேருவார்கள் நம் ஆலோசகர்கள். பானெட் திறந்திருந்தால் போதும், எங்கிருந்தோ ஒருத்தர் முளைப்பார். எட்டிப் பார்ப்பார். "கார்புரேட்டரா இருக்கும் சார்." அந்த இரண்டு எஸ்.யு. கார்புரேட்டரும் என்ன பாவம் செய்ததோ, எஞ்சின் தும்மினாலே அவற்றைத்தான் கழுவில் ஏற்றுகிறார்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரைப் பாருங்கள் ஐயா! இந்த வண்டியில் அது இக்னிஷன் சுற்றிலிருந்துதான் ஓடுகிறது. கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலோ தாறுமாறாகத் துள்ளினாலோ, குறை லோ டென்ஷன் பக்கம்தான், அதாவது காயிலின் பிரைமரி, பாயிண்ட், கண்டென்சர் பக்கம்தான். பெட்ரோல் வராமல் போனால் முள் எஞ்சினோடு சேர்ந்து சாவகாசமாக இறங்கும். கண் முன்னால் டாஷ்போர்டில் சாட்சி உட்கார்ந்திருக்கிறது, இவர் ஜெட்டைக் கழற்றச் சொல்கிறார்.

இன்னொரு கூட்டம் "எலக்ட்ரானிக் போட்டுடுங்க, தலைவலி விட்டுது" என்கும். பாயிண்டுக்குப் பதில் ஒரு எலக்ட்ரானிக் மாட்யூலைப் போடலாம், அதில் நல்லதும் இருக்கிறது. குதிகால் தேய்மானம் இல்லை, கண்டென்சர் இல்லை. ஆனால் அதே ரோட்டார்தானே? அதே கேப்தானே? துரு ஏறி இறுகிப்போன அட்வான்ஸ் வெயிட்டை அந்த மாட்யூல் வந்து தளர்த்துமா? கிழிந்த வாக்யூம் டயஃப்ரத்தை ஒட்டுமா? அதோடு, பாயிண்ட் சாகும் முன் இருமிக் காட்டும், தள்ளாடியாவது வீடு சேர்க்கும். மாட்யூல் ஒரு வார்த்தை சொல்லாது. 1967 வரைக்கும் வந்த எம்.ஜி.பி-க்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் நெகட்டிவ் எர்த்துக்கான மாட்யூலை மாட்டினால் சாவி திருப்பிய நொடியிலேயே கருமாதி. எலக்ட்ரானிக் போட்ட எத்தனை பேர் டிக்கியில் பழைய பாயிண்ட் செட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

லூகாஸைக் கிண்டல் செய்கிறவர்களுக்கும் ஒன்று. இருட்டின் இளவரசன் என்று அந்தக் கம்பெனியை வைத்து எத்தனை ஜோக். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனது. நான் டிக்கியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அந்தப் பழைய லூகாஸ் கண்டென்சரைத்தான். பர்மிங்ஹாமில் அந்தக் காலத்தில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன். ஜோக் அடிக்க வேண்டுமானால் இப்போது செய்கிறவர்களைப் பார்த்து அடியுங்கள்.

விற்றவரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "நீங்க மாட்டினது சரியில்லை." சரி, சரியாக மாட்டியதற்கு பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டர் 60 டிகிரி காட்டுகிற படம் அனுப்பினேன். "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது." அப்புறம், "இதே லாட்ல எத்தனையோ பேருக்குக் கொடுத்தோம், யாரும் சொல்லலையே." யாரும் சொல்லவில்லையென்றால், அவர்களெல்லாம் இன்னும் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பெட்டியில் பழைய கால எழுத்துருவில் பெயர் அச்சிட்டுப் பழங்கால அழகு காட்டுவதை நிறுத்திவிட்டு, கெபாசிட்டன்ஸ் எவ்வளவு, எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை டிகிரி சூடு தாங்கும், எந்த மாதம் செய்தது என்று நாலு வரி போடுங்கள். சூட்டில் வைத்துச் சோதித்தீர்களா இல்லையா என்பதையும் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் நான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கண்டென்சரே வைப்பதாக இல்லை. 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றை வாங்கி, சூடு எட்டாத இடத்தில் முடுக்கி, ஒரு வயரைக் காயிலின் பாயிண்ட் பக்க டெர்மினலுக்கும் மற்றதை எர்த்துக்கும் கொடுத்திருக்கிறேன். வண்டி நெரிசலில் நிற்கிறது, பானெட் கொதிக்கிறது, ஐடில் அசையவில்லை. கார் ஷோவில் நடுவர் வந்து "இது ஒரிஜினல் இல்லையே, மார்க் குறையும்" என்றார். குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா, தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நிற்கிற அந்த ஒரிஜினல் டிரெய்லரில் வந்தது.