சத்தம் போடாத பிள்ளையையும் கொஞ்சம் பாருங்கள்

ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்தோ தனித்தனியாகவோ வரும் குறைபாடு என்றதும் ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருக்கும் பையன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறான். அவனை எப்படியும் யாராவது டாக்டரிடம் அழைத்துப் போய்விடுவார்கள். என் கவலையெல்லாம் அதே ஏடிஎச்டியோடு வகுப்பில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றித்தான்.

பத்துக் கணக்கு கொடுத்தால் மூன்றைப் போட்டுவிட்டு நான்காவதில் பாதியில் நின்றிருக்கும். பென்சில் கையில் இருக்கும், கண் நோட்டில் இருக்கும், மனசு எங்கோ போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அதே கணக்கைச் சரியாகச் சொல்லிவிடும். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும். "பல்லு தேய், யூனிஃபார்ம் போடு, பையை எடு" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடும். இதற்குத்தான் சோம்பேறி, அலட்சியம் என்று பெயர் வைக்கிறோம். பெண் பிள்ளைகள் பலர் இப்படி அமைதியாக இருப்பதாலேயே வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள்.

"மணிக்கணக்கா கேம் ஆடுறாளே, அவளுக்கா கவனக்குறைவு?" என்று கேட்பார்கள். ஆடத்தான் செய்வாள். கேம் நொடிக்கு நொடி ஏதாவது பரிசு கொடுத்து இழுத்துப் பிடிக்கிறது. சுவாரசியமில்லாத வேலையில் கவனத்தைத் தானாகவே நிறுத்தி வைப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம்.

அதற்காகத் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் முத்திரை குத்திவிடக் கூடாது. அறிகுறிகள் 6 மாதமாவது நீடிக்க வேண்டும். வீட்டில் மட்டும், பள்ளியில் மட்டும் என்றில்லாமல் குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், படிப்பையோ பழகுவதையோ கெடுக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 7 வயது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிவதற்கான கையேட்டில்தான் 12 ஆக்கினார்கள். காது, கண், தூக்கம் மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். பதற்றமும் வாசிப்புக் குறைபாடும்கூட வெளியே இதே மாதிரிதான் தெரியும்.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவைக் குறை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இதில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. 6 வயதுக்குக் கீழே என்றால் மாத்திரைக்கு முன்னால் பெற்றோருக்குத்தான் பயிற்சி தருவார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட் கார்டில் "கவனம் போதாது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பாடத்தில், எவ்வளவு நேரம் கழித்து, என்ன செய்துகொண்டிருக்கும்போது கவனம் போகிறது என்று எழுதிக் கொடுங்கள். அந்த நாலு வரி மருத்துவருக்கு ரொம்பவே உதவும்.