முந்திரி ஓட்டு கேஸை சிலிண்டரில் அடைக்கவே கூடாது

"முந்திரி ஓடு, கரும்புச் சோகையை டிரம்மில் போட்டு மூடிச் சூடாக்கினால் கேஸ் வரும், அதைக் காலி சிலிண்டரில் அடைத்தால் ஒரு மாசம் சமைக்கலாம்" என்று கடலூர், பண்ருட்டி வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.

கேஸ் வரும் என்பது உண்மைதான். காற்றைக் குறைத்து 800 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் விறகு, ஓடு எல்லாமே வாயுவாகும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் நம்மூரில் கரி பஸ் ஓடியதும் இப்படித்தான். ஆனால் அந்த வாயுவில் பாதிக்குப் பாதி எரியாத நைட்ரஜன். வீட்டு சிலிண்டரின் 14.2 கிலோ எரிவாயு தரும் சூட்டுக்கு இது சுமார் 130 கன மீட்டர் வேண்டும், அதாவது ஐம்பது கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு. எல்பிஜி லேசான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும், இது எவ்வளவு அழுத்தினாலும் சாதாரண வெப்பத்தில் ஆகாது. அப்புறம் எப்படி அந்தச் சிலிண்டருக்குள் அடங்கும்?

எனக்குப் பயமே வேறு. இந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. எல்பிஜியில் கசிவு தெரிய வாசனை சேர்க்கிறார்கள், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அடுப்படிக் காற்றில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

முந்திரி ஓடு இன்னும் மோசம். தோல் உரிந்து கறுத்துப்போன விரல்களோடு முந்திரி உடைக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு ஓட்டில் இருக்கும் எண்ணெய் என்ன செய்யும் என்று தெரியும், சூடாக்கினால் அதே எண்ணெய்தான் புகையாக வந்து கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும். வாயுவோடு வரும் பிசுபிசுப்பான தார் எண்ணெயை வடிகட்டி, வாயுவைக் குளிரவைத்து, வந்த இடத்திலேயே எரிக்கும் ஆலைகள் இருக்கின்றன, சரி. வீட்டு டிரம் அதுவல்ல.