உட்காரும் நேரத்தைக் குறைப்பேன்

செல்வி (பட்டுப் பிரிவு): இரண்டாவது கேள்விக்கு என்ன எழுதுவது தம்பி? "புத்தாண்டில் உட்காரும் நேரத்தை எவ்வளவு குறைப்பீர்கள்?"

பிரவீண் (எச்.ஆர்.): பாதியாகக் குறைப்பேன் என்று எழுதுங்கள் அக்கா. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

செல்வி: காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும் வரை நிற்கிறேன். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். அதில் பாதி என்றால், சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மோரை நின்றுகொண்டு குடிக்க வேண்டுமா?

பிரவீண்: அப்படியில்லை. இது பொதுப் படிவம். ஹெட் ஆபீஸில் தயாரித்தது.

செல்வி: ஹெட் ஆபீஸில் நாற்காலி உண்டா?

பிரவீண்: உண்டு. சுழல் நாற்காலி.

செல்வி: அதானே பார்த்தேன். சரி, ஒரு ஸ்டூல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிரவீண்: ஸ்டூலா? எதற்கு?

செல்வி: "உங்கள் உடல்நலத்துக்கு இந்த ஆண்டு என்ன தேவை?" முதல் கேள்வியே அதுதானே.

பிரவீண்: அது நிர்வாகத்திடம் கேட்பது இல்லை அக்கா. உங்களுக்கு நீங்களே செய்துகொள்வது. உறுதிமொழி.

செல்வி: அப்போ வீட்டிலிருந்து நானே ஸ்டூல் கொண்டுவரலாமா?

பிரவீண்: கூடாது. கவுன்ட்டர் அழகு கெட்டுவிடும்.

செல்வி: ஆமாம் சார். கட்டாயம் சார். தினமும் தியானம் செய்கிறேன் சார்.

பிரவீண்: என்ன அக்கா திடீரென்று சார்?

செல்வி: சூப்பர்வைசர் உங்கள் பின்னால் வந்தார். போய்விட்டார். ம், அடுத்தது சொல்லுங்கள் தம்பி.

(ஜவுளிக்கடை சூப்பர்வைசர்களுக்குக் கால் சத்தமே இல்லாமல் நடக்கத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்த என்னுடைய நெடுநாள் சந்தேகம்.)

பிரவீண்: தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்.

செல்வி: குடிக்கலாம். அப்புறம்?

பிரவீண்: அப்புறம் என்ன?

செல்வி: அப்புறம் நடக்கப்போவதைத்தான் கேட்கிறேன். பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும். மாடிக்கு ஒரு டோக்கன். இப்போது அது மூன்றாவது கவுன்ட்டர் கஸ்தூரியிடம் இருக்கிறது. அவளுக்குச் சுகர் வேறு. மூன்று லிட்டர் குடிக்கிறேன் தம்பி, ஆனால் டோக்கனும் மூன்று வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்: ஸ்டூல் ஒன்று, டோக்கன் மூன்று.

பிரவீண்: அக்கா, இது ஸ்டாக் கேட்கும் பாரம் இல்லை!

செல்வி: சரி, அடுத்தது.

பிரவீண்: நடைப் போட்டி. கிளைகளிலேயே நம் கிளைதான் கடைசி. நேற்று உங்கள் கணக்கில் வெறும் 340 அடி. "இன்று நீங்கள் கொஞ்சம் அசையலாமே!" என்று ஆப் உங்களுக்குச் செய்திகூட அனுப்பியிருக்கிறது.

செல்வி: இரவு பஸ்ஸில் பார்த்தேன். காலையில் வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நான் கவுன்ட்டருக்கும் குடோனுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். போன் லாக்கரில் படுத்துத் தூங்குகிறது. அந்த 340 அடியும் பஸ் ஸ்டாப்புக்குப் போய் வந்தது.

பிரவீண்: கையில் போன் இருந்தால் வியாபாரம் கெடும் என்பது கடை விதி.

செல்வி: நடக்காவிட்டால் உடம்பு கெடும் என்பது ஆப் விதி. இரண்டுக்கும் நடுவில் நான் நிற்கிறேன். போட்டியில் முதல் பரிசு யாருக்கு?

பிரவீண்: ஃபால்ஸ் அடிக்கும் டெய்லர் அண்ணனுக்கு. ஒரே நாளில் 18,000 அடி! அவரைத்தான் இந்த மாதத்து நல்வாழ்வுத் தூதர் ஆக்கியிருக்கிறோம்.

செல்வி: இந்தக் கடையிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான் தம்பி.

பிரவீண்: அப்போ 18,000?

செல்வி: அளவு கேட்டு ஆட்கள் கூப்பிடுவார்கள் என்று அவருக்கு மட்டும் போனை விட்டுவைத்திருக்கிறார்கள். மெஷின் மேஜை மேலேயே வைத்திருப்பார். மெஷின் ஓட ஓட மேஜை அதிரும், போன் அதையெல்லாம் நடை என்று எழுதிக்கொள்ளும். பொங்கல் கூட்டம் வரட்டும், மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே மாரத்தான் ஓடிவிடுவார்.

பிரவீண்: சான்றிதழ் அச்சுக்குப் போய்விட்டதே அக்கா...

செல்வி: கொடுங்கள், பாவம். அதென்ன எல்லோருக்கும் பத்தாயிரம் அடி? எந்த டாக்டர் சொன்னது?

பிரவீண்: டாக்டர் இல்லை. ஜப்பானில் 1965-இல் ஒரு நிறுவனம் நடையை எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பெயரிலேயே பத்தாயிரம் அடி இருந்தது. அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

செல்வி: கடைக்காரர் சொன்னதா? அப்படிச் சொல்லுங்கள். முகூர்த்தமே இல்லாத ஆடியில் நாமும்தான் முகூர்த்தப் பட்டுத் திருவிழா என்று போர்டு வைத்துப் பழைய ஸ்டாக்கைத் தள்ளுகிறோம். எனக்கு இதெல்லாம் புரியும்.

பிரவீண்: அதை விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும்.

செல்வி: திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறேன். மற்ற நாளெல்லாம் லீவா?

பிரவீண்: வேலை வேறு, உடற்பயிற்சி வேறு அக்கா. உதாரணமாக, இரண்டு கையையும் அகல விரித்து, தாடையை இறக்கி, மூச்சை ஆழமாக...

செல்வி: சேலை மடிப்பதைச் சொல்கிறீர்களா? நடுவைத் தாடையில் இடுக்கி, இரண்டு கையையும் விரித்து, ஜரிகை உள்பக்கம் போகிற மாதிரி மடிக்க வேண்டும். ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி. காலையில் ஓர் அம்மா வந்தார். மயில் கழுத்து நிறம் வேண்டுமாம். பச்சையும் அடிக்கக் கூடாது, நீலமும் அடிக்கக் கூடாது. நாற்பது சேலை விரித்தேன். கடைசியில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். நாற்பதையும் மடித்தேன். உங்கள் யோகா டீச்சர் எத்தனை தடவை செய்யச் சொல்வார்?

பிரவீண்: பத்து.

செல்வி: சம்பளம் எவ்வளவு அவருக்கு?

பிரவீண்: அக்கா, அடுத்த கேள்விக்குப் போகலாமா?

செல்வி: ஸ்டூலை எழுதினீர்களா?

பிரவீண்: மறுபடியும் ஸ்டூலா!

செல்வி: நானாகக் கேட்கவில்லை. 2021-இல் நம் சட்டசபையில் சட்டத்தையே திருத்தினார்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம் என்று. டெய்லர் அண்ணன்தான் பேப்பரில் பார்த்துச் சத்தமாகப் படித்தார். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் எங்களை மாதிரி கடைப் பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள், கிடைத்தது.

பிரவீண்: அப்போ நம் கடையில் வாங்கியிருப்பார்களே?

செல்வி: வாங்கினார்கள். அதோ, கண்ணாடிக்குப் பக்கத்தில்.

பிரவீண்: அதில் பொம்மை உட்கார்ந்திருக்கிறதே.

செல்வி: கல்யாணப் பெண் பொம்மை. நிற்க வைத்தால் முந்தி சரியாக விழவில்லையாம். இந்த மாடியில் உட்கார இடம் கிடைத்த ஒரே பெண் அவள்தான். அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளாது. எனக்கு முழங்காலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு நிற்கிறது, பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல். காலையில் அந்த அம்மாவிடம் காட்டியிருந்தால் அந்த நிறத்தையே எடுத்திருப்பார்.

பிரவீண்: ...

செல்வி: கையெழுத்து எங்கே போட வேண்டும்?

பிரவீண்: பின்பக்கம்.

செல்வி: பின்பக்கம் வேறு என்னவோ போட்டிருக்கிறதே. "பொங்கலுக்கு என் பிரிவின் விற்பனையை 30 சதவீதம் உயர்த்துவேன்." முன்பக்கம் "மன அழுத்தம் இல்லாமல் வாழ்வேன்". இரண்டுக்கும் ஒரே கையெழுத்தா?

பிரவீண்: தாளை மிச்சம் பிடிக்கத்தான்...

செல்வி: உங்களுக்கும் பாரம் உண்டா தம்பி?

பிரவீண்: உண்டு. என் பின்பக்கத்தில் "பத்தாம் தேதிக்குள் 212 படிவம்" என்று இருக்கிறது. இதுவரை 19 வந்திருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை அக்கா.

செல்வி: எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். ஐந்தாவது கேள்வியைப் படிக்கவில்லையா?

(ஒலிபெருக்கி: "எச்.ஆர். பிரவீண் உடனடியாக ஐந்தாம் மாடிக்கு வரவும்.")

பிரவீண்: லிஃப்ட் எந்தப் பக்கம்?

செல்வி: லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். நமக்குப் படிதான். ஆமாம், உங்கள் போன் சட்டைப் பையில்தானே இருக்கிறது?

பிரவீண்: இருக்கிறது. எச்.ஆருக்கு விலக்கு உண்டு.

செல்வி: நல்லதாகப் போயிற்று. அதில் என் பெயரைப் போட்டு ஆப்பைத் திறந்துகொண்டு ஏறுங்கள். திரும்பி வரும்போது கஸ்தூரி கணக்கில் இறங்குங்கள்.