பால் ஊறலைன்னு சொல்றதுக்கு முன்னாடி

என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1 கிலோ 400 கிராம். "ஏழு மாசக் குழந்தை தங்கும், எட்டு மாசம்தான் தங்காது" என்று எங்கள் மன்னார்குடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உண்மை இல்லை, ஆனாலும் அதைச் சொல்லித்தான் அத்தை என்னைத் தேற்றினார்.

குழந்தை பெட்டியில், நான் வார்டில். மறுநாள் காலை வந்த சிஸ்டர் மார்பை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "பால் ஊறலைம்மா, பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லு." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அழுதேன்.

ராத்திரி டூட்டிக்கு வந்தவர் வேறு. கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தார். கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்க்கணும். "காம்பை இழுக்காத கண்ணு, வலிக்கும், பாலும் வராது." பத்து நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு மஞ்சளாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. சிரிஞ்சில் எடுத்தால் ஒரு மில்லிகூடத் தேறவில்லை. "சீம்பாலு. பாப்பாவுக்கு இப்போ இது போதும்" என்று உள்ளே கொண்டுபோனார். மூணு மணிநேரத்துக்கு ஒருதடவை, ராத்திரியிலும் விடாமல் பீச்சச் சொன்னார். நாலாம் நாள் பால் கட்டிக்கொண்டது!

குறைமாசக் குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றாகக் கூடிவர ஏறக்குறைய 34 வாரம் ஆகும். அதுவரை முதலில் வயிற்றுக்குள் போகும் டியூபில், அப்புறம் பாலாடை என்கிற சின்னச் சங்கில்தான் பால். குழந்தை வாய் வைக்காத அத்தனை நாளும் தாய்க்குப் பால் வற்றாமல் காப்பது கைதான். அந்தப் பால்தான் பிஞ்சுக் குடல் அழுகிப்போகும் ஆபத்தையும் குறைக்கிறது. குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொண்டால் பாலும் கூடும். பெட்டியில் இருக்கும் குழந்தையின் தாய்க்கு இதையெல்லாம் யார் சொல்வது?

காலையில் வந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை கட்டிலை அவர் ஒருத்தரே பார்த்தார் என்று நானும் பார்த்தேன். அவருக்கு யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை. ராத்திரி சிஸ்டரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "எங்க சீனியர் அக்கா காட்டினாங்க. அவங்க ரிட்டையர் ஆயிட்டாங்க" என்றார். அந்த அக்கா இல்லாவிட்டால் என் மகளுக்குப் பால் கிடையாது. அதிர்ஷ்டத்தை நம்பியா இதை விடுவது?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் தாய்ப்பாலுக்காக வகுத்த பத்துப் படிகளில், ஊழியர்களின் பயிற்சி இரண்டாவது. 2018-ல் அதைத் திருத்தியபோது அறிவோடு கைத்திறனும் வேண்டும் என்றே எழுதினார்கள். ஹாலில் உட்கார வைத்து ஸ்லைடு போட்டுக் கையெழுத்து வாங்கினால் கைத்திறன் வராது. பச்சிளங்குழந்தை வார்டிலேயே, நைட் டூட்டியிலும், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சில வாரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வந்த செவிலியருக்கும் சேர்த்துத்தான்.

கிராம சுகாதார செவிலியரையும் விட்டுவிடக்கூடாது. நாங்கள் வீட்டுக்கு வந்தபோது பாப்பா 1 கிலோ 800. தெருவில் கழுதைப்பால் விற்றுக்கொண்டு வந்தவரை அத்தை கூப்பிட்டே விட்டார். நான் சொல்லிக் கேட்கவில்லை. நர்சம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசிய பிறகுதான் கேட்டார்.

திருவாரூர், நாகை, தஞ்சாவூர் பக்கம் செவிலியராக, மருத்துவச்சியாக இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குப் பால் பீச்ச யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை நாள் கற்றுக்கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். யாருமே காட்டவில்லை என்றாலும் எழுதுங்கள்.