வெளியே நின்றவன்

தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று நகையை அள்ளிப் போய்விட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், கைதானவர்களில் ஒருவனுக்காக கமென்ட்டில் யாராவது பரிந்து பேசுவார்கள். "அவன் உள்ளேயே போகலைங்க, பைக்லதான் உட்கார்ந்திருந்தான்." அதற்குக் கீழேயே இன்னொருவர், "எல்லாரையும் நிக்கவச்சு சுடணும்" என்று போட்டிருப்பார். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை உண்டு. சட்டத்தோடும் கொஞ்சம் உண்டு.

முதலில் பரிந்து பேசுகிறவருக்கு. 1923 ஆகஸ்ட் 3, கல்கத்தாவில் சங்காரிதோலா தபால் நிலையம். போஸ்ட் மாஸ்டர் பின்னறையில் மேசை முன்னால் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருக்கிறார். முற்றத்துக் கதவு வழியாகச் சிலர் வந்து பணத்தைக் கேட்கிறார்கள், கேட்ட கையோடு சுடுகிறார்கள். ஒரு குண்டு கையில், இன்னொன்று அக்குளுக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. வந்தவர்கள் ஒரு பைசா எடுக்காமல் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். அவர்களில் பரேந்திர குமார் கோஷ் என்பவரைத் துரத்திப் பிடித்தபோது கையில் துப்பாக்கி இருந்தது. அவர் தரப்பு வாதம் இதுதான்: நான் முற்றத்தில்தான் நின்றேன், பயந்துபோய் நின்றேன், சுட்டது நான் இல்லை.

வழக்கு அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சரி, நீ வெளியேதான் நின்றாய் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் கொலைக்குற்றம்தான் என்றார்கள் நீதிபதிகள். சும்மா நின்று காத்திருப்பவரும் பணி செய்பவரே என்ற ஆங்கிலக் கவிஞர் மில்டனின் வரியை எடுத்து, குற்றத்திலும் அப்படித்தான் என்று தீர்ப்பில் எழுதினார் நீதிபதி சம்னர் பிரபு. (பார்வை இழந்த ஒரு கவிஞர் கடவுளுக்குத் தான் செய்யும் ஊழியத்தை நினைத்து எழுதியது. அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.)

இந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. வெளியே ஒருத்தன் நிற்கிறான் என்ற தைரியத்தில்தான் உள்ளே போகிறவன் போகிறான். உடன் வருபவன் இடுப்பில் அரிவாள் இருப்பது தெரிந்தும் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பவன், "நான் வெட்டவில்லையே" என்று கை கழுவ முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5), இதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்தச் செயல் எல்லோருக்கும் பொதுவான உள்நோக்கத்தை ஒட்டி நடந்ததென்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்தால் இந்த நிபந்தனை காணாமல் போகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக்கொள்ளை. அதில் ஒருவன் கொலை செய்தால் ஐந்து பேருக்கும் தூக்கு வரை போகலாம். கொலை நடக்கும் என்று உனக்குத் தெரியுமா, நீ அதற்குச் சம்மதித்தாயா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கூடவே இருந்து உதவியவனும் அந்த ஐந்தில் ஒரு தலை. பிடிபட்டது மூன்று பேர்தான் என்றாலும், ஐந்து பேர் வந்தது நிரூபணமானால் போதும். அதனால் கோர்ட்டில் அவன் மனதில் என்ன இருந்தது என்பதைவிட, வந்தது நாலு பேரா ஐந்து பேரா என்பது பெரிய சண்டையாகிவிடுகிறது. இது என்ன கணக்கு?

பழைய சட்டத்தின் 396-வது பிரிவில் ஒரு வழியாவது இருந்தது. தூக்கு, ஆயுள், அல்லது பத்து வருடம் வரை கடுங்காவல். வண்டி ஓட்டிய 19 வயதுப் பையனுக்கு நான்கோ ஐந்தோ வருடம் போதும் என்று நீதிபதி நினைத்தால் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தின் 310(3)-ல் அந்தப் பத்து வருடம் உச்சவரம்பிலிருந்து குறைந்தபட்சமாகிவிட்டது. அதற்குக் கீழே நீதிபதி இறங்க முடியாது. காலனியச் சட்டத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் எழுதியதைவிட இது இறுக்கம்.

நிற்கவைத்துச் சுடச் சொல்கிறவருக்கு லண்டன் பக்கத்திலிருந்தே ஒன்று. 1952-ல் குரோய்டனில் ஒரு கிடங்கை உடைக்கப் போன இரண்டு பையன்களில் ஒருவன் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்கு 16 வயது, தூக்கில் போட முடியாது. கூடப் போன டெரிக் பென்ட்லிக்கு 19. குண்டு பாய்ந்தபோது அவன் ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தான். 1953 ஜனவரியில் அவனைத் தூக்கிலிட்டார்கள். 1998-ல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. எந்த வீட்டில் நகை இருக்கிறது, எப்போது ஆள் இருக்காது என்று ஸ்கெட்ச் போட்டுக் கொடுத்தவன் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இருப்பதில்லை. அதனால் அந்த ஐந்து தலைக் கணக்கிலும் வரமாட்டான். அவனைச் சதி, உடந்தை என்று தனியாக இழுத்துவந்து, போன் பேச்சையும் பணம் கைமாறியதையும் வைத்து நிரூபிக்க வேண்டும். அது நடக்கவில்லையென்றால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான், பைக்கில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பத்து வருடத்துக்குக் குறையாது.