ஆடாத யெட்டி

சில வருஷங்களுக்கு முன்னால் என் அக்கா மகன் ஃப்ளோரிடா போய்விட்டு வந்தான். டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரோலர் கோஸ்டரில் மூன்று தடவை ஏறினானாம். இமயமலைக் கதைகளில் வரும் ராட்சதப் பனிமனிதன் யெட்டி, அதில் ஒரு பொம்மையாக வரும். "யெட்டி எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "செம மாமா, பளிச் பளிச்சுனு லைட்டுக்குள்ள நின்னுச்சு" என்றான். அது நிற்கவேண்டிய யெட்டி இல்லை, கையை வீசிப் பாயவேண்டிய யெட்டி என்று சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

விஷயம் இதுதான். 2006 ஏப்ரலில் திறந்த ரைடு அது. செயற்கை மலையின் உயரம் 200 அடிக்குச் சற்றுக் குறைவு. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக மேலே சிவப்பு விளக்கு வைக்கவேண்டும். இமயமலை உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தால் செல்போன் டவர் மாதிரி இருக்காதா? அந்த மலைக்குள் சுமார் 25 அடி உயர யெட்டி. ரயில் கடைசியில் அதன் கைக்கு அடியில் பாயும்போது அது நம்மைப் பிடிக்க வரும், அதுதான் திட்டம். திறந்த சில மாதங்களிலேயே அசைவு நின்றுபோனது. அப்புறம் ஸ்ட்ரோப் விளக்கை மினுக்கி, அசைவது போலக் காட்டினார்கள். ரசிகர்கள் வைத்த பெயர் 'டிஸ்கோ யெட்டி'. ரைடை வடிவமைத்த ஜோ ரோடி 2013இல் ரசிகர்கள் மத்தியில், என்றாவது சரிசெய்தே தீருவேன் என்று வாக்குக் கொடுத்தார். 2021 தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றபோதும் யெட்டி நின்றபடிதான் நின்றது.

"மணிக்கு 50 மைல் வேகம், 80 அடி சரிவு, இருட்டில் பின்னோக்கி ஓட்டம், இவ்வளவும் இருக்கும்போது மூன்று விநாடி பொம்மைக்கா இந்த அழுகை?" என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் கோஸ்டராக இருந்தால் நானும் அந்தக் கட்சிதான். ஒரு மூலையில் புகை வரவில்லை, ஒரு தீப்பந்தம் எரியவில்லை என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும் என்று தெரிந்துதான் மாற்று ஏற்பாட்டையும் சேர்த்தே யோசிக்கிறார்கள். அதற்கு 'பி மோட்' என்று பெயர்.

ஆனால் இங்கே வரிசையில் நிற்கும்போதே கதை ஆரம்பித்துவிடுகிறது. மலையேற்றக் கம்பெனியின் அலுவலகம், யெட்டிக்கு ஒரு கோயில், அப்புறம் காலடித் தடங்களோடு ஒரு யெட்டி அருங்காட்சியகம். மேலே போனால் பிய்த்தெறிந்த தண்டவாளம். எல்லாமே அந்த ஒரு சந்திப்புக்கான ஏற்பாடு. பந்தல் போட்டு, மேளம் கொட்டி, ஊரையே கூட்டிவிட்டு, மணமேடையில் மாப்பிள்ளையின் போட்டோவை வைத்தால் எப்படி இருக்கும்?

உடனே 'ஜாஸ்' படத்தை இழுப்பார்கள். 1975இல் வந்த அந்தப் படத்தின் படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாக, ஸ்பீல்பெர்க் அதை அதிகம் காட்டாமலே பயமுறுத்தினார். உண்மைதான். ஆனால் சுறா வேலை செய்யவில்லை என்றதும் அவர் படத்தையே அதற்குத் தகுந்தபடி மாற்றினார். பழுதான சுறாவுக்கு டார்ச் அடித்துக் காட்டவில்லையே!

அதனால் என்னைக் கேட்டால், அந்த ஸ்ட்ரோபை அணைத்துவிடலாம். இப்போதே ரைடின் நடுவில் ஒரு குகைச் சுவரில் யெட்டியின் நிழல் தண்டவாளத்தைப் பிய்க்கும், வெறும் நிழல்தான். எனக்கு அந்த முழு உருவத்தைவிட அதுதான் பயம். கடைசிக் குகையிலும் கும்மிருட்டும் ஒரு உறுமலும் போதும்.

மருமகனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி மாமா, அடுத்த தடவை அந்த இடத்துல நானே கண்ணை மூடிக்கிறேன்" என்றான்.